கட்டடத்துக்குள் வழிகாட்டும் பலகைகள்: வாட்ச்மேன் நோட்டில் தொடங்கி கடைசித் திருகு வரை

வணிகக் கட்டடம் கட்டி முடித்து, பெயின்ட் காய்ந்து, லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான உரிமையாளர்களுக்கு உள்ளே போர்டு வைக்கும் நினைப்பு வருகிறது. அவசரமாக ஒரு போர்டுக் கடைக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை போர்டு, என்ன சைஸ்?" அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலேயே ஆர்டர் போய்விடும். மூன்று மாதத்தில் சுவரெங்கும் ஏ4 தாளில் கையால் எழுதி ஒட்டிய அறிவிப்புகள் தொங்கும்.

ஒரு பலகையில் என்ன எழுதுவது, அதை எங்கே வைப்பது என்ற இரண்டும் முடிவான பிறகுதான் பொருளும் நிறமும் பேச வேண்டியவை. இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது. எடுத்துக்காட்டுக்கு, நம் ஊர்களில் எங்கும் பார்க்கிற ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம்: தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். கீழே வங்கியும் மருந்துக் கடையும். முதல் மாடியில் ஸ்கேன் சென்டரும் லேபும். இரண்டாம் மாடியில் பல் மருத்துவர், ஆடிட்டர், வக்கீல். மூன்றாம் மாடியில் பயிற்சி மையம். ஒரு லிஃப்ட், ஒரு பொதுப் படிக்கட்டு, பின்பக்கம் அவசரப் படிக்கட்டு.

முதல் வேலை: கேள்விகளைச் சேகரியுங்கள்

கட்டடம் ஏற்கெனவே இயங்குகிறது என்றால் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். ஒரு வாரம், யார் என்ன வழி கேட்டாலும் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வார்த்தையை மாற்றாமல் எழுதுவது முக்கியம். "டயக்னாஸ்டிக் சென்டர் எங்கே" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "ஸ்கேன் எடுக்குற இடம் எங்கண்ணே", "ரத்தம் எங்க குடுக்கணும்", "பாத்ரூம் எந்தப் பக்கம்" என்றுதான் வரும். பலகையில் போக வேண்டிய சொற்கள் இவைதான்: ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கழிப்பறை. நிறுவனத்தின் முழுப்பெயரை அதன் கதவருகே எழுதிக்கொள்ளலாம். வழி காட்டும் பலகையில் வருபவர் தேடுகிற சொல் இருக்க வேண்டும்.

கேள்வி எங்கே நின்று கேட்கப்பட்டது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் வாசலில் அதிகம் கேட்கிறார்கள் என்றால் அங்கே ஒரு பலகை குறைகிறது. பலகை இருந்தும் அங்கேயே கேட்கிறார்கள் என்றால் அது கண்ணில் படவில்லை, அல்லது அதன் சொல் புரியவில்லை.

புதிய கட்டடத்தில் நோட்டு இருக்காது. பக்கத்தில் இதே மாதிரியான கட்டடத்தில் அரை நாள் நின்று பார்த்தாலே பாதி கேள்விகள் கிடைத்துவிடும்.

எண்களும் மாடிப் பெயர்களும்

பெரிய குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பிறகு எத்தனை அம்பு போட்டாலும் தீராது. "முதல் தளம்" என்றால் சிலருக்குத் தரைத்தளம், சிலருக்கு அதற்கு மேலே உள்ளது. லிஃப்ட் பொத்தானில் ஜி என்றோ 0 என்றோ இருக்கும். ஆகவே ஒரே விதி: லிஃப்ட் பொத்தானில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கட்டடம் முழுக்க அந்த மாடியின் எண். பலகையில் பெரிதாக 1 என்று போட்டு, அருகில் சிறிதாக "முதல் மாடி" என்று எழுதுங்கள். தரைத்தளம், கீழ்த்தளம் ஆகிய இரண்டு சொற்களையும் ஒரே கட்டடத்தில் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். கீழ்த்தளம் என்றதும் வண்டி நிறுத்தும் இடம் என்று நினைப்பவர்கள் நிறைய.

அறை எண்ணுக்கு மூன்று இலக்கம் போதும். முதல் இலக்கம் மாடி, அடுத்த இரண்டும் அறை. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை என்று எல்லா மாடியிலும் ஒரே முறையை வையுங்கள். 203 எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே 303 வந்தால், ஒரு மாடியைத் தெரிந்தவருக்கு எல்லா மாடியும் தெரிந்த மாதிரி. பெரிய கூடம் ஒன்றைப் பின்னால் இரண்டாகத் தடுக்க வாய்ப்பிருந்தால் அதற்கு இரண்டு எண்களை ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் 205, 205ஏ, 205ஏ1 என்று வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. கட்டட வரைபடத்தில் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் போட்டிருக்கும் எண்கள் கொத்தனாருக்கும் தச்சருக்கும் உரியவை. அவை அறை எண்கள் அல்ல. அவற்றை அப்படியே எடுத்துக் கதவுப் பலகை அடித்துவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

வரைபடத்தில் நடந்து பாருங்கள்

ஒவ்வொரு மாடியின் வரைபடத்தையும் ஏ3 தாளில் எடுங்கள். நோட்டில் அதிகக் கோடு விழுந்த பத்து இடங்களுக்கு, வாசலிலிருந்து போகும் பாதையை வெவ்வேறு நிறப் பேனாவால் வரையுங்கள். திரும்பும்போது வெளியே வரும் பாதையையும் வரையுங்கள். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்கேன் முடிந்து களைப்போடு வெளியே வருபவருக்கு "வெளியே செல்ல" என்ற பலகைதான் அன்றைக்கு முதல் தேவை.

பாதைகள் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். லிஃப்ட் வாசல், படிக்கட்டு முகப்பு, நடைவழி திரும்பும் மூலை எல்லாம் இதில் வரும். ஒருவர் நின்று "இப்போ எந்தப் பக்கம்?" என்று யோசிக்கும் இடம் அது. திசைப் பலகைகள் அங்கே மட்டும் வேண்டும். நேரான நடைவழி மிக நீளமாக இருந்தால், ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு முறை அதே சொல்லை மறுபடி காட்டுங்கள். இல்லையென்றால் பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிவிடுவார்கள்.

பலகையைப் புள்ளிக்கு நேராக வைக்கக் கூடாது. திரும்ப வேண்டிய இடத்துக்குச் சில அடிகள் முன்பே கண்ணில் பட வேண்டும். நடந்து வருபவரின் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். நடைவழிச் சுவரில் பக்கவாட்டில் ஒட்டிய பலகையை நடப்பவர் பார்ப்பதே இல்லை. அங்கே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இருபக்கப் பலகையோ மேலிருந்து தொங்கும் பலகையோதான் சரி. கழிப்பறைக்கு நீட்டுப் பலகை இல்லாததால்தான் எல்லாக் கட்டடத்திலும் அந்தக் கேள்வி நோட்டில் முதலிடம் பிடிக்கிறது.

நம் எடுத்துக்காட்டுக் கட்டடத்துக்கு, மாடிக்கு எட்டு அறை என்று வைத்து எண்ணிப் பார்ப்போம். தரைத்தளத்தில் முழுக் கட்டடத்துக்குமான பெயர்ப் பட்டியல் 1. ஒவ்வொரு லிஃப்ட் வாசலிலும் மாடி எண்ணும் அந்த மாடியின் பட்டியலும் சேர்ந்த பலகை 4. இரண்டு படிக்கட்டுகளிலும் மாடிக்கு ஒன்றாக எண் பலகை 8. கதவுப் பலகை 32. ஆண், பெண் கழிப்பறைக் கதவுகளுக்கு 8, நீட்டுப் பலகை 4. நடைவழித் தொங்கு பலகை 4. அவசர வழிப் பலகை மாடிக்கு மூன்றாக 12. தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்ற அறிவிப்பு 4. மொத்தம் 77. வண்டி நிறுத்துமிடமும் தீயணைப்பான் குறிகளும் இதில் சேராது. "ஒரு இருபது போர்டு போதும்" என்று தொடங்கும் பட்ஜெட் எங்கே உடைகிறது என்பது இப்போது புரியும்.

எண்ணி முடித்ததும் எக்செல் தாளில் பட்டியலிடுங்கள். ஒரு பலகைக்கு ஒரு வரி: பலகை எண், மாடி, இடம், வகை, தமிழ் வாசகம், ஆங்கில வாசகம், அம்பின் திசை, அளவு, ஒரு பக்கமா இரு பக்கமா, எதில் பொருத்துவது. பலகை எண்ணையே வரைபடத்திலும் அந்தந்த இடத்தில் எழுதுங்கள். இரு பக்கப் பலகை என்றால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வரி போடுங்கள், ஏனென்றால் முன்பக்கம் இடது அம்பாக இருப்பது பின்பக்கம் வலது அம்பாக வேண்டும். ஒரே வரியில் எழுதினால் கடைக்காரர் இரு பக்கமும் ஒரே அச்சை ஒட்டிக் கொடுப்பார். பாதிப் பேர் எதிர்த்திசையில் போவார்கள்.

எழுத்தின் அளவு: தமிழுக்குத் தனிக் கணக்கு

ஆங்கிலப் பெரிய எழுத்து 25 மி.மீ. உயரம் இருந்தால் 3 மீட்டரில் வசதியாகப் படிக்கலாம், 7.5 மீட்டர் வரை சிரமப்பட்டுப் படிக்கலாம் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். அதனால் சிரமப்படும் எல்லை சீக்கிரமே வந்துவிடும். 'க' எழுத்தின் உடல் உயரத்தை அளந்து, 5 மீட்டருக்கு 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 15 மீட்டர் நடைவழியின் கடைசியில் இருக்கும் பலகைக்கு 75 மி.மீ. வேண்டும். கணினியில் காட்டும் பாயின்ட் அளவை நம்ப வேண்டாம். ஒரே பாயின்டில் ஒரு எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருக்கும். அச்சிட்டு ஸ்கேல் வைத்து அளப்பதுதான் நம்பகமான வழி.

உயரத்தை முடிவு செய்ததும் அகலம் இடிக்கும். 75 மி.மீ. எழுத்தில் "ரத்தப் பரிசோதனை" என்று எழுதினால் ஏறத்தாழ 1 மீட்டர் ஓடும். சோ என்ற ஓர் எழுத்துக்கே கொம்பு, உடல், கால் என்று மூன்று இடம் வேண்டும். பலகைக்குள் அடைப்பதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவதுதான் கடைகளில் நடக்கும் பெரிய குற்றம். நசுக்கிய தமிழில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சொல்லைச் சுருக்குங்கள், அல்லது இரண்டு வரியாக்குங்கள். நோட்டில் மக்கள் "லேப்" என்றே அதிகம் கேட்டிருந்தால் அதையே எழுதுவதில் தவறில்லை.

கடைகள், நிறுவனங்களின் வெளிப்புறப் பெயர்ப்பலகைக்குத் தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகித விதி இருக்கிறது. உள்ளே இருக்கும் வழிகாட்டிப் பலகைகளுக்கும் தமிழை மேலே, பெரிதாக வைப்பதே நல்லது. சிறிய தமிழ் படிக்கவே முடியாமல் போகும். ஆங்கிலம் சிறிதானாலும் ஓரளவு தாங்கும்.

எழுத்துரு தேர்வில், தடிமன் சீராக இருக்கும் எளிய உருக்கள் போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. நடுத்தரத் தடிமனை எடுங்கள். மிகத் தடித்த எழுத்தில் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும்.

இனி கவனம் தேவைப்படும் இடம், கடையின் கணினி. பல கடைகளில் இன்னும் பழைய கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளும் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களும்தான். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகம் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளிபோட்ட வட்டம் முளைக்கும். அவர் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வார். "கழிப்பறை" "கழிப்பரை" ஆவதும், ஒற்று விட்டுப்போவதும் அந்த நேரத்தில்தான். வாசகங்களை நீங்களே சரியாக அமைத்து, எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். கோப்பைத் தட்டச்சு செய்தவர் அல்லாத வேறொருவர், எக்செல் தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

வினைல் வெட்டும் முறையில் செய்தால் இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்தை வெட்டிய பிறகு தேவையற்ற வினைலை உரித்தெடுப்பார்கள். எழுத்து சிறிதாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளியும் கூடவே உரிந்து போய்விடும். "கட்டணம்" பலகைக்கு வரும்போது "கடடணம" ஆகியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. படிக்கும்போது ஏதோ இடறும். 15 மி.மீ.க்குக் குறைந்த தமிழ் எழுத்துக்கு வினைல் வெட்டாமல் அச்சிட்டு ஒட்டச் சொல்லுங்கள். பலகைகள் வந்து இறங்கியதும் புள்ளிகளை எண்ணுங்கள்.

அம்பு

நேராகப் போக மேல்நோக்கிய அம்பு, பக்கவாட்டுக்கு அந்தந்தத் திசை அம்பு. படிக்கட்டுக்கு அருகில் மட்டும் மேல்நோக்கிய அம்பு ஆபத்து: நேராகப் போகச் சொல்கிறதா, மாடி ஏறச் சொல்கிறதா? அந்த இடத்தில் படிக்கட்டுப் படத்தையும் மாடி எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். "2-ம் மாடி" என்று படியின் படத்தோடு இருந்தால் சந்தேகம் வராது.

இடது அம்பு பலகையின் இடது ஓரத்தில், வலது அம்பு வலது ஓரத்தில் இருக்கட்டும். ஒரே திசையில் இருப்பவை ஒன்றாகச் சேரட்டும், திசைக்கு ஓர் அம்பு போதும். ஒரு தொங்கு பலகையில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். நடந்துகொண்டே அதற்கு மேல் படிக்க யாராலும் முடியாது.

"நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று வரைபடம் வைப்பதானால், பார்ப்பவரின் முன்னால் இருப்பது படத்தில் மேலே வர வேண்டும். எதிர்ச் சுவரிலும் அதே படத்தை அப்படியே ஒட்டினால் தவறான வழிதான் காட்டும். ஒவ்வொரு சுவருக்கும் தனிப் படம் தேவை.

அவசர வழியும் நிறங்களும்

பச்சைப் பின்னணியில் மனிதர் ஒருவர் கதவை நோக்கி ஓடும் குறி, 1970-களின் இறுதியில் ஜப்பானில் யுகியோ ஓட்டா உருவாக்கிய வடிவத்திலிருந்து வந்தது. இன்று ஐஎஸ்ஓ 7010 என்ற சர்வதேசப் பாதுகாப்புக் குறிகளுக்கான தரத்தில் அதுதான் இருக்கிறது, பல நாடுகளில் அதுதான் புழக்கத்தில். மனிதர் ஓடும் திசையும் வெளியேறும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இடப்பக்கம் ஓடும் படத்துக்குப் பக்கத்தில் வலது அம்பு அச்சிட்ட பலகைகள் இங்கே சாதாரணமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போதே பார்த்து ஒதுக்குங்கள்.

பச்சையை அவசர வழிக்கும், சிவப்பைத் தீயணைப்புக் கருவிகளுக்கும், மஞ்சளை எச்சரிக்கைக்கும் விட்டுவிடுங்கள். நிறுவன நிறம் பச்சை என்பதற்காக எல்லா வழிகாட்டிப் பலகையும் பச்சையானால், புகை சூழ்ந்த நேரத்தில் அவசர வழியைக் கண் தேடிப் பிடிக்காது. மாடிக்கு ஒரு நிறம் என்ற யோசனை அழகுக்கு நல்லது. ஆனால் யாரும் "ஊதா மாடிக்குப் போகணும்" என்று நினைவில் வைப்பதில்லை, எண்ணைத்தான் வைக்கிறார்கள். நிறம் எண்ணுக்குத் துணையாக மட்டும் இருக்கட்டும்.

இருளில் ஒளிரும் ஷீட்டில் செய்த அவசரப் பலகைகள், வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டால்தான் ஒளிரும். மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பகலிலும் விளக்கை அணைத்து வைத்த படிக்கட்டில் அவை வெறும் தகடு. அங்கே பேட்டரி உள்ள விளக்குப் பலகை வேண்டும். அதற்கான மின்புள்ளியைச் சுவர் பூசுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும்.

பார்வையற்றவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் வந்த பிறகு இது விருப்பப்பட்டால் செய்யும் வேலை இல்லை. கதவு எண், கழிப்பறை, லிஃப்ட் வாசல் மாடி எண் ஆகியவற்றில் தொட்டு உணரும் புடைப்பு எழுத்தும் பிரெய்லியும் வேண்டும். தமிழுக்குப் பாரதி பிரெய்லி முறை. ஆங்கில பிரெய்லி வேறு. அமெரிக்க விதிகளில் தொடு எழுத்துகளின் உயரம் தரையிலிருந்து 1220 முதல் 1525 மி.மீ. வரை. கை தேடும் உயரம் என்பதால் இங்கும் அதைப் பின்பற்றலாம். எல்லா மாடியிலும் ஒரே உயரம், கதவின் கைப்பிடி பக்கச் சுவரில், ஒரே தூரத்தில். பார்வையற்றவர் அந்த இடத்தில்தான் கை வைப்பார். பிரெய்லிப் புள்ளிகளை வினைலில் தட்டையாக அச்சிட்டு ஒட்டுவதும், அதன்மேல் அக்ரிலிக் கண்ணாடி மூடுவதும் பலகைகளில் காணக் கிடைக்கின்றன. விரலுக்கு எதுவும் தட்டாத அந்தப் புள்ளிகளால் யாருக்கும் பயனில்லை. பொருத்தும் முன் பிரெய்லி தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சாய்தளப் பாதை எந்தப் பக்கம் என்பதைப் படிக்கட்டின் அடியில் எழுதினால், சக்கர நாற்காலியில் வருபவர் அதுவரை வந்து திரும்ப வேண்டியிருக்கும். வளாக வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

பொருளும் பொருத்துதலும்

கதவுப் பலகைக்கு 3 மி.மீ. அக்ரிலிக், பெரிய தொங்கு பலகைக்கு 3 அல்லது 4 மி.மீ. ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக், இருபுறமும் மெல்லிய அலுமினியத் தகடு) போதுமானவை. நுரை போன்ற பிளாஸ்டிக் அட்டையான சன்போர்டு மலிவு, ஆனால் மூலைகள் சீக்கிரம் நசுங்கும். ஆறு மாதத்தில் மாறக்கூடிய அறிவிப்புக்கு அது போதும். ஃப்ளெக்ஸை உள்ளே கொண்டுவராதீர்கள். பளபளப்பான மேற்பரப்பில் டியூப்லைட் பிரதிபலித்து எழுத்து மறையும். மேட் லேமினேஷன் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பெயர்ப் பட்டியல் பலகை ஒரே தகடாக வேண்டாம். ஒவ்வொரு பெயரும் அலுமினியச் சட்டத்தில் செருகி எடுக்கும் தனிப்பட்டையாக இருக்கட்டும். வெற்றுப் பட்டைகள் பத்து கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பலகையைக் கதவிலேயே ஒட்டாதீர்கள். பகல் முழுக்க திறந்து கிடக்கும் கதவில் உள்ள பெயர் அறைக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். தொங்கு பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்கேன் சென்டர் மாடியில் குளுக்கோஸ் ஸ்டாண்டோடு ஸ்ட்ரெச்சர் வரும், அங்கே இன்னும் சற்று உயர்த்துங்கள். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் எதையும் தொங்கவிட வேண்டாம். மேலே உள்ள கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்துக் கம்பியை இறக்குங்கள். தீயணைப்பு ஸ்பிரிங்க்ளருக்கும் புகை கண்டறியும் கருவிக்கும் நேர் முன்னால் பலகை வரக் கூடாது. தீயணைப்பு ஒப்பந்தக்காரரிடம் இடத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

டபுள் டேப் டைல்ஸிலும் கண்ணாடியிலும் நிற்கும். டிஸ்டெம்பர் சுவரில் பெயின்டோடு சேர்ந்து உரிந்து விழும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். பூசிய சுவரில் பிளக் வைத்துத் திருகுங்கள். அக்ரிலிக்கில் துளையைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, அளவோடு இறுக்க வேண்டும். சூட்டில் விரிய இடமில்லாவிட்டால் துளையிலிருந்து விரிசல் ஓடும். கண்ணாடித் தடுப்பில் பலகை ஒட்டினால் பின்பக்கமும் அதே அளவில் ஒரு வினைல் ஒட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே இருப்பவர் நாள் முழுக்க டேப்பைத்தான் பார்ப்பார்.

ஆர்டருக்கு முன் தாளில் சோதனை

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். எல்லாப் பலகைகளையும் உண்மை அளவில் கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சிட்டு, பெரியவற்றுக்குத் தாள்களை ஒட்டிச் சேர்த்து, அந்தந்த இடத்தில் மாட்டுங்கள். கட்டடத்தை அறியாத நான்கைந்து பேரைக் கூப்பிடுங்கள். ஒருவராவது அறுபதைத் தாண்டியவராக இருக்கட்டும், ஒருவராவது தமிழ் மட்டும் படிப்பவராக. ஆளுக்கு ஒரு வேலை: "304-க்குப் போய்விட்டு, கழிப்பறையைப் பார்த்துவிட்டு, வெளியே வாருங்கள்." பின்னால் போங்கள், பேசாதீர்கள். எங்கே நின்றார்கள், எங்கே தலை திரும்பியது, எங்கே திரும்பி வந்தார்கள் என்று வரைபடத்தில் குறியுங்கள். மாலையில் விளக்கு போட்ட பிறகும் ஒருமுறை செய்யுங்கள். பகலில் பின்னால் ஜன்னல் இருக்கும் தொங்கு பலகை வெறும் கறுப்பு நிழலாகத் தெரியும். இடம் மாற்றத் தாளில் ஒரு நிமிடம் ஆகும். ஏசிபி ஷீட் என்றால் கான்கிரீட்டில் புதுத்துளை.

பொருத்திய பின் கடைக்காரரிடமிருந்து எழுத்துரு பெயர், வினைலின் நிற எண், அச்சுக்கோப்புகள் எல்லாவற்றையும் பென் டிரைவில் வாங்கி எக்செல் தாளோடு கட்டட மேலாளரிடம் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சுற்று வாருங்கள். செலோ டேப்பில் ஒட்டிய ஏ4 தாள் எங்கே தெரிந்தாலும் கிழிக்க வேண்டாம். அதைப் போட்டோ எடுத்து, யார் ஒட்டினார், யார் என்ன கேட்டதால் ஒட்டினார் என்று விசாரித்து, எக்செல் தாளில் 78-வது பலகையாகச் சேர்த்துச் செய்யக் கொடுங்கள். அது வந்து மாட்டிய பிறகு தாளை எடுத்தால் போதும்.